ரேட்டிங் ஏஜென்சியா, வங்கிக் கிளையா?

அடுத்த கேள்வி, சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். "எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்துவிட்டேன் அண்ணா. சென்னையில் ஒரு கிரெடிட் ரேட்டிங் ஏஜென்சியில் அனலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. சேலத்திலேயே ஒரு தனியார் வங்கிக் கிளையிலும் கூப்பிடுகிறார்கள், சம்பளம் அங்கேதான் கொஞ்சம் கூட. எதில் சேர?"

ரேட்டிங்கில் சேருங்கள்மா. கிளையில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் டெபாசிட், இன்ஷூரன்ஸ் டார்கெட்டிலேயே ஓடிவிடும். ரேட்டிங்கில் ஒரு கம்பெனியின் கணக்கை முழுதாகக் கையில் கொடுத்து, வாங்கிய கடனைத் தவணைத் தேதியில் கட்டுவார்களா என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விதான் மொத்த வேலையும்.

நம்ம ஊர் சேகோ மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அதிகமாக வருவது வருடத்தில் சில மாதங்கள்தான். அப்போது கடன் வாங்கியாவது கிழங்கு வாங்கி அரைத்து, ஜவ்வரிசியை குடோனில் அடுக்கி, விலை பார்த்து விற்க வேண்டும். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் அந்த ஒரு நாள் நிலவரத்தைத்தான் காட்டும். பன்னிரண்டு மாத சிசி கணக்கையும், அதாவது வங்கி வைத்த லிமிட்டுக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கையும், வாங்கிப் பார்த்தால்தான் எந்த மாதம் லிமிட் முட்டுகிறது என்று தெரியும். ஜவ்வரிசி விலை சரிந்தால் வட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு மில்லுக்குப் போய் குடோனைப் பார்க்க வேண்டும், கடன் கொடுத்த வங்கியிடமும் பேச வேண்டும்.

எனக்கு முதல் வருடம் இதில் ஒரு அடி விழுந்தது. லாபம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு ரேட்டிங் கமிட்டி முன் உட்கார்ந்தேன். "லாபம் சரி, பணம் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். எல்லாம் வராத பாக்கியில் கிடந்தது. அன்றிலிருந்து கேஷ் ஃப்ளோவைப் பார்த்துவிட்டுத்தான் லாபத்தைப் பார்ப்பேன்.

ரேட்டிங்கை முடிவு செய்வது அந்தக் கமிட்டிதான், நீங்கள் அல்ல. ஆனால் கமிட்டிக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் நோட் தப்பானால் கமிட்டியின் முடிவும் தப்பாகும். டேர்ம் லோனில், அதாவது தவணைக் கடனில், ஒரு நாள், ஒரு ரூபாய் தவறினாலும் 'டி' ரேட்டிங்தான்; கடன் கட்டத் தவறிய கம்பெனி என்று அர்த்தம். 2018-ல், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் மிக உயர்ந்த ரேட்டிங்கிலிருந்து சில வாரங்களில் 'டி'க்கு விழுந்தது. ரேட்டிங்குக்குக் கட்டணம் கட்டுவது பெரும்பாலும் அந்தக் கம்பெனியே என்பதால் நெருக்கடி இருக்கும். பிசினஸ் பிடிப்பவர்களும் ரேட்டிங் பார்ப்பவர்களும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதி வைத்திருப்பதும் அதனால்தான். உங்களுக்கும் முதுகெலும்பு வேண்டும்.

இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு வங்கியின் கார்ப்பரேட் கிரெடிட், என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனம்), மியூச்சுவல் ஃபண்டின் கடன் பத்திரப் பிரிவு என்று போகலாம். பங்குச் சந்தை ஆராய்ச்சிதான் கனவு என்றால் இது சுற்று வழி. இங்கே கம்பெனி எவ்வளவு வளரும் என்பதைவிட எங்கே விழும் என்றுதான் பார்க்கப் பழகுவீர்கள்.

சேரும் முன் ஒன்று கேளுங்கள்: ஒரு அனலிஸ்ட்டுக்கு எத்தனை கம்பெனி? அளவுக்கு மீறிக் கொடுத்தால் போன வருட நோட்டில் எண்ணை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். அப்புறம், ஏஜென்சிகளின் இணையதளத்தில் ரேட்டிங் விளக்கக் குறிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சேலம் பக்கத்துக் கம்பெனி ஒன்றை எடுத்து இந்த வாரமே படியுங்கள். புரியாத வரியை எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதையே பார்ப்போம்.