‘சாதனம்’ என்று அழைக்கப்பட்ட பெண்: 1905இல் கொச்சியைக் கலக்கிய தாத்ரியின் விசாரணை

[திரை: இருட்டான தாழ்வாரம், மூடிய மரக்கதவு]

இந்தக் கதவுக்கு உள்ளே இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். வெளியே அவரை விசாரிக்க வந்த ஆண்கள் நிற்கிறார்கள். அவருடைய நடத்தை சரியில்லை என்று குற்றச்சாட்டு. அவரை மட்டும் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் பல பேர் நினைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்து பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. அறுபதைத் தாண்டியும் போயின.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் பார்க்கப்போவது குறியேடத்து தாத்ரி. இயற்பெயர் சாவித்ரி. பிறந்தது கல்பகச்சேரி இல்லம், வாழ்க்கைப்பட்டது குறியேடத்து இல்லம், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கேரளப் பிராமணர்களான நம்பூதிரிகளின் இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் திருமணம் செய்வார், அதுவும் ஒன்றுக்கு மேல். தம்பிகள் நாயர் வீட்டுப் பெண்களோடு ‘சம்பந்தம்’, அதாவது முறையான திருமணமாகக் கருதப்படாத உறவு, வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நம்பூதிரிப் பெண்களுக்கு? ஒன்று, வயதானவருக்கு இரண்டாம், மூன்றாம் மனைவி. இல்லாவிட்டால் கடைசி வரை கன்னி. அந்தர்ஜனம் என்று அவர்களுக்குப் பெயர், ‘உள்ளே இருப்பவர்’ என்று அர்த்தம். வெளியே போனால் பணிப்பெண் துணை வேண்டும், முகத்தை மறைக்க ஓலைக்குடை வேண்டும். அதற்கு மறக்குடை என்று பெயர். இந்தக் குடையை மட்டும் மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

[திரை: ஓலைக்குடையின் படம்]

சரி, ஒரு அந்தர்ஜனத்தின் மேல் சந்தேகம் வந்தால் என்ன நடக்கும்? அதுதான் ஸ்மார்த்த விசாரம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்த நடைமுறையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் பணிப்பெண்ணை விசாரிப்பார்கள். அவர் சொல்வதில் சந்தேகத்துக்கு இடம் இருந்தால், அந்தர்ஜனத்தைத் தனியாக ஒரு அறையில் அடைப்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் பெயர் கிடையாது. ‘அவள்’ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ‘சாதனம்’ என்பார்கள். நமக்கு சாதனம் என்றால் மின்சாதனம், கருவி. மலையாளத்தில் கடையில் வாங்குகிற சாமானுக்கும் அதுதான் சொல். நேற்று வரை பூசை அறையில் விளக்கேற்றிய பெண், இன்று ஒரு பொருள்.

அடுத்து, ராஜாவின் அனுமதியோடு விசாரணைக் குழு வரும். ஸ்மார்த்தன்தான் கேள்வி கேட்பவர். கூடவே மீமாம்சகர்கள், சாஸ்திரம் அறிந்தவர்கள். தொடக்கமே ஒரு நாடகம் மாதிரி இருக்கும். ஸ்மார்த்தன் ஒன்றும் தெரியாதவர் போல அந்த அறைக்குள் நுழையப் போவார். பணிப்பெண் தடுப்பார். ஏன் தடுக்கிறாய், உள்ளே யார், என்ன விஷயம் என்று அவர் கேட்க, ஒவ்வொன்றாகப் பதில் வரும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை, யாருக்கும் தெரியாத மாதிரி, முதலிலிருந்து பேச வேண்டும்!

ராஜாவின் சார்பில் ஒருவர் அங்கே இருப்பார், அகக்கோய்மை. அவர் வாயே திறக்கக் கூடாது. ஸ்மார்த்தன் கேட்கிற கேள்வி தடம் மாறிப் போனால், தன் தோளில் இருக்கும் துண்டை எடுத்துத் தரையில் போடுவார். அவ்வளவுதான். ஸ்மார்த்தன் உடனே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

[திரை: தரையில் விழும் வெள்ளைத் துண்டு, மெதுவாக]

கேள்வி கேட்பவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்தவர்கள், உள்ளே இருக்கிற பெண்ணுக்கு என்ன வைத்தார்கள்? அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரை விசாரணை முடியாது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் இழுக்கும். பாயில் சுருட்டி உருட்டிவிட்டதாகவும், அறைக்குள் எலியையும் பாம்பையும் விட்டதாகவும் பழைய குறிப்புகள் உண்டு. நிரபராதி என்று தெரிந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார்களாம். பாம்போடு அடைத்த பிறகு அந்த மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

அதுவரை அவர் கதவுக்குப் பின்னால்தான். ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த மறைப்பு விலகும், நேருக்கு நேர் பேசலாம். அப்போது அடுத்த கேள்வி வரும்: யார் யார்? தாத்ரியின் கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

வழக்கமாக அந்தப் பெண் பெயர் சொன்னாலே அந்த ஆண் சாதி பிரஷ்டம், அதாவது சாதியிலிருந்து தள்ளிவைப்பு. அவருக்கு எதிர்வாதம் கிடையாது. தாத்ரி சொன்ன பட்டியலில் நம்பூதிரிகள், தமிழ் ஐயர்கள், கோயில் பணி செய்யும் சாதியினரான அம்பலவாசிகள், நாயர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள். தங்களையும் விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க, கொச்சி ராஜா ராம வர்மா ஒத்துக்கொண்டார். ஆக, ஆண்களும் வந்து நின்று தாத்ரியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவரும் பதில் சொன்னார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. விசாரணை ஊர் மாறி, கடைசியில் ராஜாவின் அரண்மனையான திருப்பூணித்துறை ஹில் பேலஸ் வரை போனது.

நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். பெயரைப் பிடுங்கிக்கொண்டு அவரைச் சாதனம் ஆக்கினார்கள். ஆனால் அவர்களுடைய சட்டப்படியே, பெயர் சொல்கிற அதிகாரம் அந்தச் சாதனத்துக்கு மட்டும்தான் இருந்தது. தாத்ரி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார் என்றே நம்புகிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் கமென்ட்டில் எழுதுங்கள், நிச்சயமாகப் படிப்பேன்.

1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனியக்காரி விசாரணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பெயர் சொல்லச் சொல்லி நெருக்கினார்கள். ஒப்புக்கொண்டு பெயர் சொன்னவர்கள் பிழைத்தார்கள், மறுத்து நின்றவர்களில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். தாத்ரிக்கு அப்படி ஒரு பேரமே இல்லை. ஒரு பெயர் சொன்னாலும் அறுபது சொன்னாலும் அவருக்குத் தண்டனை ஒன்றுதான். அவர் அறுபதுக்கு மேல் சொன்னார்.

அந்தப் பட்டியலில் ஒருவர் காவுங்கல் சங்கரப் பணிக்கர், பெரிய கதகளிக் கலைஞர். கீசகன் வேஷத்துக்குப் பேர் போனவர். வேஷத்தைக் கலைக்காமலே வரச்சொல்லி தாத்ரி கேட்டார் என்று ஒரு செவிவழிக் கதை இன்றும் உண்டு. இன்னும் நிறையக் கதைகள் உண்டு. பின்னாளில் பிரபலமானவர்களின் குடும்பங்களை இதில் இழுத்துவிட்டு வீடியோ போடுகிறார்கள். நான் அந்தப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போடுவதை எதிர்த்துத்தானே இந்த வீடியோவே.

1905 ஜூலையில் தீர்ப்பு. இதிலும் ஒரு விசித்திரம். குற்றவாளி ஆண்களின் பெயர்களை ஸ்மார்த்தன் தன் வாயால் சொல்லக் கூடாது, அது தீட்டு. அதற்கென்றே ஒரு பட்டரை, அதாவது தமிழ் பிராமணரை, வைத்துப் படிக்க வைப்பது வழக்கம். அந்த வாயால் சொல்லக் கூசிய பெயர்களைத்தான் தாத்ரி மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

1908இல் நம்பூதிரிகளுக்குள்ளேயே சீர்திருத்தம் பேச யோகக்ஷேம சபை வந்தது. அது தனி வீடியோ.

[திரை: மீண்டும் ஓலைக்குடை]

இப்போது குடைக்கு வருவோம். தள்ளிவைக்கப்பட்ட அந்தர்ஜனத்தின் கையிலிருந்து மறக்குடையைப் பிடுங்கிக்கொள்வார்கள். கைதட்டி வெளியே அனுப்புவார்கள். வீட்டில் அவருக்கு ஈமக்கிரியை செய்து, தலை முழுகி, விருந்து சாப்பிடுவார்கள். உயிரோடு இருக்கிற மகளுக்கு, மனைவிக்கு.

தாத்ரியைச் சாலக்குடிக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் ஒரு வீடு. இனி அவர் யாருக்கும் அந்தர்ஜனம் இல்லை. முகத்தை மறைக்கக் குடையும் இல்லை.