பாட்டி தையலா, கடை ரெடிமேடா? "பாட்டி தையலே" அணியில பேசினது

நடுவர் அய்யாவுக்கும், திருவிழாக் கடையெல்லாம் விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கிற நம்ம சின்னாளபட்டி சனத்துக்கும் வணக்கம்ங்க. பேரன் பேத்திக்கு ஏத்தது பாட்டி தைக்கிற துணியா, கடையில எடுக்கிற ரெடிமேடான்னு தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின எதிரணி தம்பி என்ன சொன்னாரு? இந்தா இருக்கு திருப்பூரு, சல்லிசா பனியன் செட்டு கிடைக்குது, அப்புறம் எதுக்கு கிழவி மெஷின்ல உட்கார்ந்து முதுகை ஒடிக்கணும்னாரு. நீங்க கைதட்டுனீங்க, நானும்தான் தட்டுனேன், ஏன்னா விலை விஷயத்துல தம்பி சொன்னது சரி. துணி, லைனிங், லேஸு, ஜிப்பு, நூலுன்னு கூட்டிப் பார்த்தா சில நேரம் நாம தைக்கிறதுதான் கூட ஆகுது. பனியன், ஜட்டியெல்லாம் கடையிலயே எடுங்க, அந்தத் துணிய வீட்டு மெஷின்ல சாதா ஊசி போட்டு அடிச்சா தையல் விட்டு விட்டு விழும், தைச்சவங்களுக்குத் தெரியும்.

என் வாதம் விலை இல்லைங்க, அளவு.

கடையில போய் நின்னா என்ன கேக்குறாங்க? "எத்தனை வயசும்மா?" ரெண்டுன்னு சொன்னா ரெண்டு மூணு வயசு போட்ட சட்டைய எடுத்து நீட்டுறாங்க. எந்தப் பிள்ளைக்குங்க அது? எங்க தெருவுல ரெண்டு வயசுப் பிள்ளைங்க நாலு இருக்கு, ஒண்ணு முருங்கைக்கா மாதிரி, ஒண்ணு நல்லா கொழுகொழுன்னு, ரெண்டுக்கும் ஒரே சைஸா? அந்த வயசுல பிள்ளைக்கு இடுப்புன்னு தனியா ஒண்ணு கிடையாது, வயிறும் மாரும் ஏறக்குறைய ஒரே சுத்தளவு, அங்க போய் இலாஸ்டிக்க இறுக்கி விட்டா சாயங்காலம் கழட்டும்போது சிவப்பா கோடு விழுந்திருக்கு. தலை வேற உடம்புக்குப் பெருசு, கழுத்து சின்னதா வச்ச சட்டை காதோட சேர்த்து இழுக்கும், அது வீல்னு கத்தும், நாம பிள்ளைக்கு சேட்டை ஜாஸ்தின்னு சொல்லுவோம். வீட்டுல தைக்கிறவ தோள்ல ரெண்டு பட்டன் வைப்பா, இல்லனா பின்னாடி திறப்பு விடுவா, ஏன்னா அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறதும் அவதானே.

அடுத்து வளர்த்தி. பாவாடைக்கு அடியில உள்பக்கமா ரெண்டு மூணு டக்கு, அதான் மடிப்புத் தையல், பிடிச்சு வைப்போமே, எதுக்கு? வருஷம் ஒரு டக்கு பிரிச்சு விட்டா பாவாடை பிள்ளையோட சேர்ந்து இறங்கும். சட்டைக்கு ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இன்ச்சு துணி விடுவோம், அடுத்த தீவாளிக்கும் ஆகும். ரெடிமேட் சட்டைய உள்பக்கம் திருப்பிப் பாருங்க, தையலை ஒட்டியே, ஓரம் பிரியாம இருக்க ஓவர்லாக் அடிச்சு வெட்டிருக்கும், பிரிச்சு விட ஒரு நூல் இடம் இருக்காது. நான் குத்தமா சொல்லலை, ஆயிரக்கணக்குல உருப்படி வெட்டுறவங்க உருப்படிக்கு அரை இன்ச்சு மிச்சம் பிடிச்சாத்தான் லாபம் நிக்கும், அது அவங்க தொழில் கணக்கு. என் பேத்தி கணக்கு வேறங்க.

பிறந்த பிள்ளைக்கும் அப்படித்தான். நம்ம ஊர் சுங்குடிச் சேலை துவைச்சுத் துவைச்சு பஞ்சு மாதிரி ஆன பிறகு அதுல ஒரு ஜபலா தைச்சு, பட்டன் இல்லாம நாடா வச்சு, தையல் மடிப்பு உடம்புல படாம வெளிப்பக்கம் வர்ற மாதிரி அடிச்சுப் போட்டுப் பாருங்க. பிறந்தநாளுக்குன்னு வாங்குற அந்த நெட்டு கவுனு இருக்கே, போட்டோ எடுக்கிற வரைக்கும்தான், கேக்கு வெட்டி முடிக்கிறதுக்குள்ள சொறிய ஆரம்பிச்சுடும்.

நடுவுல ஒருத்தர் மடக்குனாரு, "தையல் மெஷினும் மெஷின்தானே, அதுல என்ன கைத்தொழில் பெருமை"ன்னு. அய்யா, இதே மாதிரி ஒரு கேள்விய 1924ல ஒருத்தர் காந்திகிட்டயே கேட்டாரு, நீங்க எல்லா மெஷினுக்கும் எதிரியான்னு. இல்லப்பா, சிங்கர் தையல் மெஷின் இருக்கே, மனுஷன் கண்டுபிடிச்ச உபயோகமான சில பொருள்ல அதுவும் ஒண்ணுன்னாரு காந்தி. கேட்டவரு ஜி. ராமச்சந்திரன். யாரு? பின்னாடி தன் சம்சாரம் டாக்டர் சவுந்தரம் அம்மாவோட சேர்ந்து 1947ல, இந்தா பக்கத்துல இருக்கே காந்திகிராமம், அத ஆரம்பிச்சவரு! பொண்டாட்டி கையால தைச்சு கஷ்டப்படுறதப் பார்த்துத்தான் சிங்கர் இதச் செஞ்சாருன்னும் காந்தி சொன்னாரு. அதுல மட்டும் எனக்கு சந்தேகம், ஏன்னா 1851ல பேடன்ட் வாங்கின அந்த சிங்கருக்கு ஒண்ணுக்கு மேல குடும்பம், இருபது பிள்ளைக்கு மேல. அத்தனைக்கும் சட்டை தைக்கணும்னா மனுஷன் வேற என்னதான் பண்ணுவாரு!

சரி, பாட்டிக்கு கண்ணு தெரியலை, முழங்கால் வலிக்குது, அவளப் போய் வேலை வாங்கலாமான்னு எதிரணி அக்கா உருகுனாங்க. அக்கா, யாரும் வேலை வாங்கலை. காலுக்கு வலின்னா மோட்டார் மாட்டிக்கலாம், நூல் கோக்க பேரன் இருக்கான். இந்த ஊர்ல எத்தனை பொம்பளைங்க ரவிக்கை தைச்சே பிள்ளைகளப் படிக்க வச்சாங்க, சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல கவர்மென்ட் குடுத்த இலவச மெஷின வச்சு எத்தனை பேரு பொழைச்சாங்க. அப்பல்லாம் "நாளைக்குக் கல்யாணம், இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும்"னு தலைமேல நின்னாங்க. கை இறுக்கமா இருக்கு, முதுகு தூக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க. இப்பத்தான் முதல்முறையா கெடு இல்லாம, கூலி பேசாம, தனக்குப் பிடிச்ச கலர்ல தைக்கிறா. அதப் போய் தியாகம்னு கண்ணீர் விடாதீங்க, அவளுக்கு அது ஜாலி!

மருமக வாங்கி பீரோவுல வச்சுடுறா, பிள்ளை போடவே மாட்டேங்குதுன்னு ஒரு குத்தச்சாட்டு. இருக்கு, ஒத்துக்கிறேன். யாரையும் கேக்காம பழைய காலத்து பப்கை வச்சு தைச்சுக் குடுத்தா பீரோவுலதான் இருக்கும். பேத்திய ஜவுளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, துணிய அதுவே எடுக்கட்டும், என்ன வேணும்னு கேளுங்க. நான் கேட்டேன். என்ன சொல்லுச்சு தெரியுமா? "அப்பத்தா, பாக்கெட்டு." அவ்வளவுதான். கடையில பொம்பளப்பிள்ளைக்குன்னு வர்ற கவுன்ல பூ இருக்கு, முத்து இருக்கு, முதுகுல ரெக்கை கூட இருக்கு, பாக்கெட்டு இருக்கிறது அபூர்வம், இருந்தாலும் சும்மா மூடி மட்டும் தைச்சு ஏமாத்தி வச்சிருப்பான். பையனுக்கு மட்டும் டவுசர் பூரா பாக்கெட்டு! நான் ரெண்டு பக்கமும் ஆழமா வச்சுக் குடுத்தேன். இப்ப துவைக்கப் போடும்போது புளியங்கொட்டை, அழிரப்பர், பாதி மிட்டாய் எல்லாம் அதுல இருந்து வருது, மருமக திட்டுறா, ஆனா பிள்ளை அந்த கவுனத்தான் ஈரம் காயறதுக்குள்ள கேக்குது.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கிறேன் அய்யா. அடுத்து ரெடிமேடுக்காகப் பேச வர்ற தம்பிக்கு ஒரு சேதி. போன தீவாளிக்குத்தான் கடையில எடுத்தேன்னு பெருமையா சொன்னீங்களே அந்த சட்டை, அதுல கைப்பட்டன் ஒண்ணு நூல்ல தொங்குது. பேசி முடிச்சுட்டு இங்கிட்டு வாங்க, ஊசி நூல் என் பைக்குள்ளதான் இருக்கு.