பிடித்த மீனைத் திரும்ப விடுவது எதற்கு?

வணக்கம் மக்களே. ஒகேனக்கல்லில் இருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது அருவி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் நான் மீனைத் திரும்ப விட்டதைப் பார்த்து, "விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பதில் இதே காவிரியில் இருக்கிறது.

இங்கிருந்து ஆற்றோடு மேலே போனால், கர்நாடகப் பக்கம் கலிபோரே, பீமேஸ்வரி என்று மீன்பிடி முகாம்கள் இருந்தன. மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனுக்காக வெளிநாட்டில் இருந்தெல்லாம் வருவார்கள். தூண்டிலில் வைப்பது நம் ராகிக் களி உருண்டைதான்! காவிரி மஹ்சீருக்கு முதுகில் காளை போலத் திமில் இருக்கும். 1946ல் காவிரியின் கிளை ஆறான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த ஒன்று 120 பவுண்டு. 54 கிலோ, ஒரு ஆள் எடை.

அந்த மீனை வெடி போட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். வெடி வைத்தால் பெரியது மட்டுமா சாகும்? குஞ்சும் சேர்ந்துதான் மிதக்கும். 1972ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தைப் போன்ற தூண்டில்காரர் அமைப்புகள், திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் வேலைக்கு வைத்தன. உயிரோடு இருக்கும் மீன் வருஷா வருஷம் சம்பளம் கொடுக்கும் என்றானதும், ஆற்றை அவர்களே காத்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது முகாமில் எழுதி வைத்த கணக்கு. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை, எல்லாம் குறித்திருக்கிறார்கள். கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர், எல்லாமே திரும்ப ஆற்றுக்கு. ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பார்த்தபோது, மீன் எண்ணிக்கை கூடியிருந்தது. நல்ல சேதிதானே? ஆனால் கூடியது நீலத் துடுப்பு மஹ்சீர். அது காவிரி மீனே இல்லை. மகாராஷ்டிராவில் லோனாவாலா மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து, ஆறு செழிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் விட்ட இனம். நம் திமில் மீனோ நூற்றில் ஐந்துதான், அதிலும் குஞ்சு ரொம்பக் குறைவு. படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. குஞ்சு விடுவதெல்லாம் பாதுகாப்பு ஆகிவிடாது மக்களே. எந்த ஆற்றுக் குஞ்சு என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் 2018ல்தான் அந்தத் திமில் மீன் டார் ரெமாதேவி என்ற இனம் என்று உறுதியானது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அதே வருஷம் பட்டியலில் சேர்த்தது. உலகத்தில் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. நம் பக்கம் மாயாற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பகுதி புலிகள் காப்பகம், அங்கே யாரும் தூண்டிலோடு போகாதீர்கள். கலிபோரேயும் சரணாலயத்துக்குள் வருவதால் இப்போது தூண்டில் போட அனுமதி இல்லை.

அனுமதி உள்ள இடத்தில் மீன் பிடிக்கிறவர்கள் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன மீன். மீன் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், அதுவும் கணக்குதான். திமில் உள்ள மஹ்சீர் சிக்கினால் தண்ணீரை விட்டுத் தூக்காமல், கையை நனைத்துக்கொண்டு, ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். என் நோட்டை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.