உறையாத ஊரில் ஐஸ் ஹாக்கி

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ் ஹாக்கி பார்த்தவர்களுக்குத் தளத்தின் குறுக்கே ஓடும் இரண்டு நீலக்கோடுகள் தெரிந்திருக்கும். அவற்றை முதலில் போட்டவர்கள், குளிர்காலத்திலும் பனி சரியாக உறையாத ஒரு கடற்கரைக்காரர்கள்.

லெஸ்டர், ஃபிராங்க் என்ற பேட்ரிக் சகோதரர்கள் 1910-ல் கனடாவின் கிழக்கே, ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் அணியில் சம்பளத்துக்கு ஆடினார்கள். ஒரே சீசனுக்கு லெஸ்டர் கேட்டு வாங்கியது 3,000 டாலர். ஆடுகிறவனுக்கே இவ்வளவு என்றால், அணியை நடத்துகிறவனுக்கு? அடுத்த ஆண்டே அப்பா ஜோ பேட்ரிக் தன் மரத்தொழிலை விற்றார். அந்தப் பணம் பசிபிக் கரையில், வான்கூவரிலும் விக்டோரியாவிலும் அரங்கங்களாக எழுந்தது.

அங்கே மழைதான் அதிகம். அதனால் தரைக்கடியில் குழாய்களைப் பதித்து, குளிரவைத்த உப்புநீரை ஓடவிட்டு, மேலே தண்ணீரை உறையவைத்தார்கள். கனடாவின் முதல் செயற்கைப் பனித்தளங்கள் இவை. வான்கூவர் அரங்கில் 10,000 பேருக்கு மேல் உட்கார இடமிருந்தது.

சரி, கட்டியாயிற்று. நிரப்ப வேண்டுமே! கிழக்கிலிருந்து நட்சத்திரங்களை இழுத்துவந்தார்கள். அப்புறம் ஆட்டத்தின் மீதே கைவைத்தார்கள். அந்நாளில் பக் எனும் ரப்பர் வட்டைத் தனக்கு முன்னால் நிற்கும் தோழனுக்குத் தள்ளக்கூடாது. தள்ளினால் ஆட்டம் நின்றுவிடும். நின்று நின்று நடப்பதைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? 1913-14 சீசனில் நீலக்கோடுகள் வந்தன. அவற்றுக்கு நடுவில் முன்னோக்கித் தள்ளலாம் என்றார்கள். ஆட்டம் வேகம் பிடித்தது. 1918-ல் கிழக்கத்திய லீக்கான என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இத்தனை மாற்றியவர்கள் ஒன்றில் மட்டும் பிடிவாதக்காரர்கள். கிழக்கில் அணிக்கு ஆறு பேர் என்று குறைத்த பிறகும், இவர்கள் ஏழு பேரையே இறக்கினார்கள். அதனால் கிழக்கும் மேற்கும் மோதிய ஸ்டான்லி கோப்பையில் ஒரு ஆட்டம் இவர்கள் விதி, மறு ஆட்டம் அவர்கள் விதி! 1919-ல் மேற்கு விதியில், மேற்கு அணியான சியாட்டில் 7-0 என்று கிழக்கு அணியான மொன்றியலைத் தோற்கடித்தது. கிழக்கு விதியில் மொன்றியல் 4-2 என்று வென்றது. மறுபடி மேற்கு விதி, சியாட்டில் 7-2. பிறகு மொன்றியல் தொடரைச் சமன் செய்தது. கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் நடக்கவேயில்லை. ஃப்ளூ காய்ச்சல் மொன்றியல் வீரர்களைப் படுக்கவைத்தது. அவர்களில் ஜோ ஹால் இறந்தே போனார்.

1926-ல், கட்டுப்படியாகாமல், பேட்ரிக்குகள் வீரர்களைக் கிழக்கத்திய அணிகளுக்கு விற்றார்கள். லெஸ்டர் நியூயார்க் ரேஞ்சர்ஸின் பயிற்சியாளரானார். 1928 இறுதித் தொடரில் கோல்கீப்பருக்குக் கண்ணில் அடிபட, 44 வயதில் அவரே கோலுக்கு முன்னால் போய் நின்றார். அந்த ஆட்டத்தை ரேஞ்சர்ஸ் 2-1 என்று ஜெயித்தது.

வணக்கம்.