பாய்லர் பைப்புக்கு வயசு பாக்கிறது எப்படி

வணக்கம் நேயர்களே. கரண்ட் போனா நம்ம டர்பன் வீடுகள்ல முதல்ல வர்ற பேச்சே "பவர் ஸ்டேஷன் எல்லாம் பழசாயிடுச்சு"ங்கிறதுதான். பழசுதான், ஆனா இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ம்புமலாங்கா பக்கம் நிலக்கரி பிளான்ட்டுகள்ல நான் பார்த்த வேலையே அதான்.

பாய்லருக்கு வருஷக் கணக்குல வயசு சொல்ல முடியாதுங்க. மெயின் ஸ்டீம் பைப்புல 540 டிகிரி நீராவி ஓடுது, அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டுக்கிட்டே இருக்கும், இதுக்குப் பேரு கிரீப். பத்துப் பதினஞ்சு டிகிரி கூடுதலா ஓட்டினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாயிடும், அடிக்கடி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினா அது வேற, கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கிற மாதிரிதான்.

அதைப் பாக்கிறது எப்படின்னா, வெல்டு பக்கத்துல அஞ்சு ராண்ட் காசு அகலத்துக்குத் தேய்ச்சு, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, ஆசிட் தடவி, அசிட்டோன்ல நனைச்ச மெல்லிசு பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரிச்சு எடுப்போம். அந்தத் தாள்ல இரும்போட ரேகை அப்படியே பதிஞ்சிருக்கும், மைக்ரோஸ்கோப்ல வெச்சா தெரியும். கிரீப்பால இரும்புக்குள்ள விழுந்த பொடிப்பொடி ஓட்டைங்கதான் புள்ளி புள்ளியாத் தெரியும். புள்ளி அங்கொண்ணு இங்கொண்ணா இருந்தா சில வருஷம் ஓட்டலாம், வரிசை கட்டிட்டா சீக்கிரமே திரும்பப் பாக்கணும், புள்ளிங்க ஒண்ணோடொண்ணு சேர்ந்துட்டா அது விரிசல்.

ஒரு தடவை ஷட்டவுன்ல ஒரு சின்னப் பையன் "அங்கிள், இங்க புள்ளி எல்லாம் லைன் கட்டி நிக்குது"ன்னு கூப்பிட்டான். எதிர்ப்பக்க வெல்டு, அதே பைப்பு, அதே வயசு, சுத்தமா இருந்துச்சு. மேல ஏறிப் பார்த்தா பைப்பைத் தாங்குற ஸ்ப்ரிங் ஹேங்கர் துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கு, பாரம் மொத்தமும் இந்த ஒரு வெல்டு மேல. சரி, எத்தனை டிகிரில ஓடுச்சுன்னு பழைய லாக்புக்கைக் கேட்டா, ஆபீஸுக்குப் பெயின்ட் அடிக்கும்போது தூக்கிப் போட்டுட்டாங்களாம். ட்யூபுக்குள்ள படிஞ்ச ஆக்சைடு தடிப்பை அளந்து சூட்டைக் குத்துமதிப்பா போட வேண்டியதாச்சு. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகல.

ம்புமலாங்காவுல இருக்கிற கோமாட்டி நிலக்கரி பிளான்ட் 1961ல ஆரம்பிச்சு 2022ல நின்னுது. கேப் டவுன் பக்கத்து கூபெர்க் அணு உலை 1984ல வந்தது, 40 வருஷ லைசென்ஸ், ஸ்டீம் ஜெனரேட்டர் மூணையும் மாத்தின பிறகு முதல் யூனிட்டுக்கு 2044 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. ஆனா ரியாக்டர் பாத்திரத்தை மாத்த மாட்டாங்க, நியூட்ரான் பட்டுப்பட்டு அது மொறுமொறுப்பாகும், அதுக்காக அதே இரும்புல துண்டு துண்டா ஆரம்பத்துலயே உள்ள வெச்சிருப்பாங்க, அப்பப்ப ஒண்ணை வெளிய எடுத்து உடைச்சுப் பாப்பாங்க. எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க!

பிளான்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன அண்ணன்மார் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேண்டுகோள். வீட்டு கராஜ்ல பழைய ஷிப்ட் நோட்டு, டெம்பரேச்சர் எழுதினது கிடந்தா குப்பைல போட்றாதீங்க, அந்த பிளான்ட்டுல இப்ப இருக்கிற பசங்க கையில கொடுங்க.