ரெட் ரிவர்: எந்தப் பதிப்பை முதலில் பார்ப்பது?

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசைமேல் இருப்பது, ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1948-இல் வெளிவந்த 'ரெட் ரிவர்' என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தின் ப்ளூ-ரே பெட்டி. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இந்தப் பெட்டியில் ஒரே படத்தின் இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஒன்று 127 நிமிடம், மற்றது 133 நிமிடம். ஆறு நிமிட வேறுபாட்டுக்கு ஒரு தனிக் காணொளியா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்த பிறகு, எதை முதலில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் படமே வேறாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கதையின் முடிவைப் பற்றியும் பேசப்போவதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பிறகு வரலாம்.

கதை 1851-இல் தொடங்குகிறது. டாம் டன்சன் என்பவன் தன்னை நேசிக்கும் பெண்ணை வண்டிக்கூட்டத்தோடு விட்டுவிட்டு, குரூட் என்ற கிழட்டுத் தோழனுடன் டெக்சஸை நோக்கிப் பிரிந்து போகிறான். அன்றே அந்தக் கூட்டம் தாக்கப்பட்டு அவளும் இறந்துபோகிறாள். வழியில் ஒரு பசுவை இழுத்துக்கொண்டு வரும் மேத்யூ என்ற சிறுவன் அவர்களோடு சேர்கிறான். டன்சனின் காளையும் சிறுவனின் பசுவும்தான் முதலீடு. பதினான்கு ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பத்தாயிரம் மாடுகளாகப் பெருகியிருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து தெற்கில் யாரிடமும் பணமில்லாததால், விற்கத்தான் வழியில்லை. எனவே மந்தை முழுவதையும் ஆயிரம் மைல் தொலைவில் உள்ள மிசூரிக்கு ஓட்டிச் செல்ல டன்சன் முடிவெடுக்கிறான். கன்சாஸின் அபிலீன் வரைக்கும் ரயில் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டும் அவன் பாதையை மாற்ற மறுக்கிறான். ஓடிப்போன ஆட்களைப் பிடித்து வந்து தூக்கிலிடப் போகிறேன் என்று அவன் நிற்கும்போது, வளர்ந்த மேத்யூவே அவனிடமிருந்து மந்தையைப் பறித்துக்கொண்டு அபிலீனுக்குத் திருப்புகிறான். உன்னைத் தேடி வந்து கொல்வேன் என்று சொல்லிவிட்டு டன்சன் பின்னால் தங்கிவிடுகிறான். உண்மையில் அபிலீனில் ஜோசப் மெக்காய் என்ற வணிகர் மாட்டுப்பட்டிகளை அமைத்தது 1867-இல்தான். படம் ஓரிரு ஆண்டுகள் முந்திக்கொண்டுவிட்டது.

இப்போது பதிப்புகளுக்கு வருவோம். நீளமான பதிப்பில், காலமும் இடமும் மாறும்போதெல்லாம் ஒரு பழைய புத்தகத்தின் பக்கங்கள் திரையை நிறைக்கின்றன. கையெழுத்தில் உள்ள அந்த வரிகளை நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்; என் வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டு இடங்களில் படத்தை நிறுத்தி, எழுந்துபோய் அருகில் நின்று படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறுகிய பதிப்பில் அந்தப் பக்கங்களுக்குப் பதிலாகக் குரூட்டின் குரல் வருகிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த வால்டர் பிரெனன் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்லும் பெரியவரைப்போலப் பேசுகிறார். புத்தகப் பக்கங்கள் இதை என்றோ முடிந்துபோன வரலாறாக்குகின்றன. டன்சனையும் மேத்யூவையும் ஒருசேர நேசித்த ஒருவனின் குரலோ, இருவரில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தவனின் சாட்சியமாக அதே நிகழ்ச்சிகளை மாற்றிவிடுகிறது. 1948-இல் திரையரங்குகளுக்கு வந்தது இந்தக் குரல் பதிப்புதான். ஆனால் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியிலும் வீட்டு வீடியோவிலும் பெரும்பாலும் கிடைத்தது வெளியீட்டுக்கு முந்தைய புத்தகப் பதிப்பு. இயக்குநர் ஹாக்ஸ் விரும்பியது குரல் பதிப்பையே என்று, 1972-இல் அவரோடு நீண்ட உரையாடல் நடத்திய இன்னொரு இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் சொல்கிறார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவுப் பகுதிகளும் பெட்டியில் உண்டு. எனவே முதல் முறை பார்ப்பவர்கள் குரல் பதிப்பிலிருந்தே தொடங்குங்கள்.

இருந்தாலும் கடைசிக் காட்சிக்கு மட்டும் என் தீர்ப்பு வேறு. அபிலீன் தெருவில் மாடுகளுக்கு நடுவே டன்சன் நடந்து வந்து, துப்பாக்கியை எடுக்க மறுக்கும் மேத்யூவைச் சுற்றிச் சுடும் இடம் தன்னுடைய 'தி அவுட்லா' படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தயாரிப்பாளர் ஹாவர்ட் ஹியூஸ் சட்டரீதியாக நெருக்கினார். அந்தப் படத்தை முதலில் இயக்கத் தொடங்கிப் பாதியில் விலகியவர் ஹாக்ஸ்தான் என்பது இதிலுள்ள வேடிக்கை. விளைவாகக் குரல் பதிப்பில் இந்த மோதல் வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கிறது. அதன் முழு இறுக்கத்தையும் உணரப் புத்தகப் பதிப்பின் கடைசிப் பத்து நிமிடங்களைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

படத்தின் தரத்தைப் பற்றிக் குறையொன்றும் இல்லை. 1946-இல் அரிசோனாவில் ரஸ்ஸல் ஹார்லன் ஒளிப்பதிவு செய்த புழுதியும் மேகமும் நன்றாகவே வந்திருக்கின்றன. பயணம் புறப்படும் விடியற்காலையில் கேமரா டன்சனிடமிருந்து நிதானமாகத் திரும்பி, அசையாமல் காத்து நிற்கும் மந்தையையும் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆட்களையும் காட்டுகிறது. அந்த அமைதிக்குப் பிறகு ஒவ்வொரு முகமாக நெருக்கத்தில் வந்து கூவுவதைக் கேட்கும்போது, உட்கார்ந்திருந்த நானே நிமிர்ந்துவிட்டேன். இரவில் ஒருவன் சர்க்கரையைத் திருடப் போய்ப் பாத்திரங்களைத் தட்டிவிட, மந்தை மிரண்டு ஓடும் காட்சிக்கு ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். குரூட் சீட்டாட்டத்தில் தன் பொய்ப்பற்களைத் தோற்றுவிட்டு, சாப்பாட்டு வேளையில் மட்டும் அவற்றைக் கடன் வாங்கும் நகைச்சுவை இரண்டு பதிப்பிலும் இருக்கிறது.

இதில் டன்சனாக நடித்தபோது ஜான் வெய்னுக்கு வயது 39 என்பதை நரைத்த தலையோடு அவர் நடக்கும் நடை மறக்கடித்துவிடுகிறது. மேத்யூவாக வரும் மாண்ட்கோமரி கிளிஃப்ட் நடித்த முதல் படம் இதுவே. நெருடுவதும் உண்டு: டன்சன் தன் நிலத்தைப் பெற்றது ஒரு மெக்சிகோக்காரரின் ஆளைச் சுட்டுக் கொன்றுதான், படம் அதைக் காட்டுகிறது, ஆனால் அங்கே நின்று யோசிப்பதில்லை. செவ்விந்தியர்களும் பெரும்பாலும் ஆபத்தாக மட்டுமே வந்து போகிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ப்ளூ-ரே டிஸ்க்குகள் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதை ரீஜன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்; இவை ஏ ரீஜனுக்கு உரியவை. இந்தியா சி ரீஜனில் வருகிறது. எல்லா பிளேயரிலும் ஓடும் என்று விற்றவர் உறுதி சொன்னார். நான் டிஸ்க்கைப் போட்டதும் திரையில் வந்தது மறுப்புச் செய்தி மட்டுமே. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கித்தான் இரண்டு இரவுகளையும் ஓட்டினேன். நாளை அதைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் இன்னொரு முறை, டன்சன் மண்ணில் விரலால் தன் மாடுகளின் சூட்டுக்குறியை வரைந்து அதில் மேத்யூவின் முதலெழுத்தைச் சேர்க்கும் இடத்தை மட்டுமாவது பார்த்துவிடப் போகிறேன்.