தையல்காரப் பெண் சொன்ன வம்சக் கதை

அவையோருக்கு வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் ஆய்வுக்கூடம்தான் நினைவுக்கு வரும். நான் ஒரு தையல்காரப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன்.

1895. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் அந்தப் பெண், தன் வீட்டார் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தே இறந்ததாகவும் தனக்கும் அதுதான் முடிவு என்றும் சொன்னார். வெறும் பயம் என்று வார்தின் தள்ளிவிடவில்லை. அந்தப் பெண்ணின் உறவினர்களை ஒவ்வொருவராக விசாரித்து எழுதி, 1913-இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார்.

1960-களில் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இதே கதையைக் குடிநோயாளி ஒருவரிடம் கேட்டார். ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்றதற்கு, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் புற்றுநோய், நானும் அதில்தான் சாகப்போகிறேன் என்றார் அவர். லிஞ்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று பலரும் நம்பாத காலம் அது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அவர் விடவில்லை. இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது: லிஞ்ச் சிண்ட்ரோம்.

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது மரபணு எழுத்துகள் முழுவதும் நகலெடுக்கப்படுகின்றன. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைப் போல, அதில் விழும் பிழைகளைத் திருத்தச் சில மரபணுக்கள் இருக்கின்றன. லிஞ்ச் குடும்பங்களில் அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கிறது. பிழைகள் குவிகின்றன; இளம் வயதிலேயே புற்று வருகிறது. 1993-இல் இதைக் கண்டுபிடிக்க ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை ஆராய்ந்தவர்களும் வேண்டியிருந்தார்கள், பின்லாந்து, அமெரிக்க மரபியலாளர்களும் வேண்டியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ரத்தம் கொடுத்த குடும்பங்கள் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது.

நம் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். தாத்தா எதனால் போனார் என்று கேட்டால் "வயித்து வலி" என்பார்கள். வெளியே தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பேரனுக்கு வேண்டிய எச்சரிக்கை புதைந்துபோகிறது. முன்கூட்டித் தெரிந்தால் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை, செய்து, புற்றாக மாறுமுன்பே கட்டியை எடுத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் தலைமையில், பல கண்டங்களின் மருத்துவமனைகள் சேர்ந்து, லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள 861 பேரிடம், புற்று வராமல் தடுக்குமா என்று ஆஸ்பிரினைச் சோதித்தன. தினமும் 600 மில்லிகிராம், சராசரியாக இரண்டு ஆண்டுகள். பலன் உடனே தெரியவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2020-இல் வந்த முடிவு: ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், எடுக்காதவர்களில் 13 சதவீதம். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே கடையில் ஆஸ்பிரின் வாங்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரும் மருந்து அது, மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

அந்த 861 பேரில் 434 பேர் விழுங்கியது மருந்தே இல்லாத மாத்திரை. எது தமக்குக் கிடைக்கிறது என்று தெரியாமலே, தங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தே, அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.